காய்ச்ச விட்டுருச்சு, கை இன்னும் திரும்பி வரல: சிக்குன்குனியாவும் வேலை செய்யற தெம்பும்

2006ல தமிழ்நாட்டுல இருந்தவங்களுக்கு இத ஞாபகப்படுத்தவே தேவையில்ல, தெருவுக்கு தெரு ஆளுங்க சுவத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தாங்க, முந்தின வாரம் வரைக்கும் மூட்டை தூக்கினவரு கட்டில்ல இருந்து எந்திரிக்க ரெண்டு பேரு கை குடுக்க வேண்டியிருந்துச்சு. எங்க பெரியம்மா அப்ப மதுரை பக்கத்துல வீட்டு வாசல்லயே இட்லிக்கடை போட்டிருந்தாங்க. அவங்களுக்கும் வந்துச்சு. நாலு நாள் காய்ச்ச அனலா கொதிச்சுது, அஞ்சாவது நாள் விட்டுருச்சு. பத்து நாள் கழிச்சு கடைய திறந்துடலாம்னு மாவு ஆட்டி வெச்சாங்க. விடியக்காலம் நாலு மணிக்கு அடுப்ப பத்த வெச்சு, இட்லித் துணிய தண்ணில நனைச்சு பிழியப் போனா ரெண்டு மணிக்கட்டும் முறுக்க வரல. துணி சொட்டச் சொட்ட தட்டுல விரிச்சா இட்லி அடி நசநசன்னு ஆயிரும், அதனால அன்னிக்கு எங்க அண்ணன எழுப்பி பிழியச் சொன்னாங்க. தட்ட கவுத்து துணிய உரிக்கறதும் அண்ணன்தான். பெரியம்மா பக்கத்துல உக்காந்து விரல மடக்கி மடக்கி நீட்டிக்கிட்டே இருந்தாங்க, மடங்கவே இல்ல.

பத்து மணி வாக்குல கை கொஞ்சம் இளகிருச்சு. பதினொரு மணிக்கு அரிசி களைஞ்சாங்க, காய் நறுக்கினாங்க. ஆனா பதினொரு மணிக்கு யாரு இட்லி சாப்பிட வருவாங்க?

இந்தக் கட்டுரைல நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான். வைரஸ் காய்ச்சல் விடறது வேற, வேலை செய்யற தெம்பு திரும்பறது வேற. ரெண்டுக்கும் நடுவுல வாரக்கணக்குல, மாசக்கணக்குல, சில பேருக்கு வருசக்கணக்குல ஒரு இடைவெளி இருக்கு, அந்த இடைவெளிதான் குடும்பத்த உக்கார வைக்குது, ஆனா அத எழுதி வைக்க எந்த ரிஜிஸ்டர்லயும் கட்டம் கிடையாது.

முதல்ல நோயப் பத்தி கொஞ்சம். சிக்குன்குனியாங்கிற பேரப் பாத்து அப்ப நெறைய பேரு கோழிக்கறில இருந்து வருதுன்னு நினைச்சு சிக்கன் வாங்கறதையே விட்டாங்க. கோழிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. 1952ல ஆப்பிரிக்காவுல, இன்னிக்கு தான்சானியான்னு சொல்ற நாட்டோட தெக்குப் பக்கம் மகொண்டே மேட்டுநிலத்துல இது பெருசா பரவுச்சு, அங்க இருக்கற மகொண்டே ஜனங்க பேசற மொழில இருந்து வந்த பேருதான் இது. வலில உடம்பு வளைஞ்சு போறதுங்கிற அர்த்தத்துல வெச்சிருக்காங்க. பேரு வெச்ச ஜனங்க காய்ச்சல வெச்சு பேரு வெக்கல, ஆளு நடந்து போற விதத்தப் பாத்து வெச்சிருக்காங்க, அது எனக்கு ரொம்ப சரியாப் படுது. இந்தியாவுக்கு 1963ல கல்கத்தாவுல வந்துச்சு, அடுத்த வருசமே மெட்ராஸுக்கு வந்துச்சு. 1973ல மகாராஷ்டிராவுல ஒரு தடவை வந்ததோட சரி, அப்புறம் முப்பது வருசத்துக்கு மேல சத்தமே இல்ல. 2005 கடைசில திரும்ப ஆரம்பிச்சு 2006ல மட்டும் நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் மேல ஆளுங்களுக்கு இருக்கலாம்னு அரசு கணக்குலயே பதிவாச்சு. டாக்டர்கிட்ட போகாம வீட்லயே படுத்துக் கிடந்தவங்க அந்தக் கணக்குல இல்ல.

பரப்பறது ஏடிஸ் கொசு, டெங்குவ பரப்புற அதே கொசுதான். பகல்ல கடிக்கும், நல்ல தண்ணில முட்டை போடும், பிரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு, பழைய டயர், தேங்காய் சிரட்டை, மூடாத சிமெண்ட் தொட்டி இதெல்லாம் போதும்.

சரி, ரத்தத்துல இருந்து வைரஸ் ஒரு வாரத்துல போயிருது, அப்புறம் எதுக்கு மூட்டு வலிக்குது? இங்கதான் ஆரம்பத்துல எல்லாருக்கும் குழப்பம். நம்ம ஒவ்வொரு மூட்டையும் உள்பக்கமா ஒரு மெல்லிசு சவ்வு சுத்தி இருக்கு, மூட்டு வழவழன்னு ஓட ஒரு திரவத்த அதுதான் சுரக்குது. சிக்குன்குனியா வைரஸ் இந்த சவ்வுக்குள்ளயும் சுத்தி இருக்கற தசை, தசைநார்லயும் போய் உக்காருது. உடம்போட எதிர்ப்புப் படை அத அடிக்க வருது, அடிக்கறப்ப அந்த இடம் வீங்கி சூடாகி சிவந்து போகுது. வைரஸ் போனதுக்கு அப்புறமும் படை கலைஞ்சு போகாம அங்கயே நிக்கறதுதான் நாள்பட்ட வலிக்குக் காரணம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. ரியூனியன் தீவுல ஒரு நோயாளியோட மூட்டுச் சவ்வுல பதினெட்டு மாசம் கழிச்சும் வைரஸோட துணுக்குங்க இருந்தத கண்டுபிடிச்சாங்க, அதாவது திருடன் ஓடிப்போயும் அவன் விட்டுட்டுப் போன சட்டைத் துணியப் பாத்து நாய் குலைச்சுக்கிட்டே இருக்கற மாதிரி. எல்லாருக்கும் அப்பிடி இருக்கும்னு சொல்ல முடியாது, ஆனா வலி மனசுல இல்ல, மூட்டுல இருக்குங்கறதுக்கு அது ஒரு நல்ல சாட்சி.

எவ்ளோ நாள் இருக்கும்? டாக்டருங்க மூணா பிரிப்பாங்க. முதல் மூணு வாரம் கடுமையான கட்டம், அப்புறம் மூணு மாசம் வரைக்கும் நடுக் கட்டம், மூணு மாசம் தாண்டினா நாள்பட்ட கட்டம். நெறைய பேரு முதல் ரெண்டு கட்டத்துலயே தேறி வந்துருவாங்க, இத நல்லா மனசுல வெச்சுக்கோங்க, யாரும் படிச்சுட்டு பயந்துடக் கூடாது. ஆனா நாப்பது நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கறவங்க, ஆரம்பத்துலயே நெறைய மூட்டுல வலி கடுமையா இருந்தவங்க, ஏற்கனவே முட்டித் தேய்மானம் இருந்தவங்க, இவங்களுக்கு இழுக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி.

ரியூனியன்னு மேல சொன்னேன்ல, அது இந்தியப் பெருங்கடல்ல மடகாஸ்கருக்கு கிழக்க இருக்கற பிரெஞ்சு தீவு, நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி கரும்புத் தோட்டத்துக்கு கூலியா போன தமிழங்க வம்சம் இன்னிக்கும் அங்க பெருசா இருக்கு. 2005-06ல அந்தத் தீவுல மூணுல ஒருத்தருக்கு இந்தக் காய்ச்ச வந்துச்சு. பிரான்ஸ் அரசோட தீவுங்கறதால விட்டுடாம பல வருசம் பின்தொடர்ந்து பாத்தாங்க, நமக்கு தெரிஞ்ச நீண்டகால விவரத்துல நெறைய அங்க இருந்து வந்ததுதான். ஒரு ஆய்வுல பின்தொடர்ந்த நோயாளிகள்ல மூணு வருசம் கழிச்சும் 60 சதவீதம் பேருக்கு மூட்டு வலி இருந்துச்சு. அது ஊர்ல எல்லாருக்கும் பொருந்தற கணக்கு இல்ல, அவங்க தேர்ந்தெடுத்துப் பாத்த நோயாளிங்க கணக்கு. ஆனா எனக்கு இன்னொரு ஆய்வுதான் மனசுல நிக்குது. அந்தத் தீவுல வேலை பாத்த பிரெஞ்சு ஜாண்டார்ம் போலீஸ்காரங்கள, நோய் வந்தவங்க வராதவங்கன்னு ரெண்டு கூட்டமா பிரிச்சு, முப்பது மாசம் கழிச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. போலீஸ்காரங்கன்னா உடம்பு தேறி வேலைக்கு எடுத்தவங்க, சாப்பாடு, சம்பளம், வைத்தியம் எதுக்கும் குறையில்லாதவங்க. அவங்கள்லயே நோய் வந்த கூட்டத்துக்கு வலியும் விறைப்பும் அன்றாட வாழ்க்கைல தடங்கலும் தெளிவா ஜாஸ்தியா இருந்துச்சு. அப்ப சித்தாள் வேலைக்கு போற ஒரு அக்காவுக்கு எப்பிடி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இப்ப மெயின் விசயத்துக்கு வர்றேன். வேலை செய்யற தெம்புன்னா என்ன? கேக்க சாதாரணமா இருக்கும், பிரிச்சுப் பாத்தாத்தான் புரியும். ஒரு ஆளு வேலைக்கு வந்து நிக்கறது ஒண்ணு, வந்து செய்யற அளவு இன்னொண்ணு, அந்த அளவ சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிக்கறது மூணாவது, நாளைக்கும் அதே மாதிரி வருவேன்னு உறுதியா சொல்ல முடியறது நாலாவது. சிக்குன்குனியா இதுல கடைசி மூணையும்தான் அடிக்குது. ஆளு வந்துருவாங்க, வராம இருக்க வழியில்ல, வீட்ல அடுப்பு எரியணும்ல. மேஸ்திரி கண்ணுக்கு ஆளு இருக்கு. ஆனா பாண்டு சட்டிய தலைக்கு தூக்கறப்ப மணிக்கட்டு விட்டுருது, மூணு நடை போற நேரத்துல ரெண்டு நடை, ரெண்டு நாள் பாத்துட்டு மூணாவது நாள் மேஸ்திரி வேற ஆளக் கூப்பிட்டுக்குவாரு. அவரையும் ஒரேடியா குறை சொல்ல முடியாது, அவருக்கு சதுரடி கணக்கு.

இதுலயே ரொம்பக் கொடுமையான விசயம் காலை விறைப்பு. ராத்திரி பூரா அசையாம கிடந்த மூட்டு விடிஞ்சதும் இறுகிப் போயிருக்கும், கொஞ்சம் நடமாடி வெந்நீர் ஊத்தி ஒரு மணி ரெண்டு மணி நேரம் போனாத்தான் இளகும். ஆபீஸ்ல பத்து மணிக்கு போய் உக்காறவருக்கு இது தொல்லை, அவ்ளோதான். ஆனா நம்ம ஊர்ல கைவேலை எல்லாம் எப்ப நடக்குதுன்னு பாருங்க. பால் கறக்கறது நாலரைக்கு, இட்லிக்கடை நாலு மணிக்கு, தெருக் கூட்டறவங்க ஆறு மணிக்கு கையெழுத்து போடணும், மார்க்கெட்ல பூ வாங்கறது இருட்டோட, நாத்து நட களை எடுக்க வெயில் ஏறறதுக்குள்ள இறங்கணும். உடம்பு எந்த நேரத்துல சுத்தமா ஒத்துழைக்காதோ அதே நேரத்துலதான் கூலி வேலை ஆரம்பிக்குது. பத்து மணிக்கு நல்லா நடமாடறதப் பாத்துட்டு "நல்லாத்தான இருக்கே, சோம்பேறித்தனம் பண்ற"ன்னு சொல்லிருவாங்க. எங்க பெரியம்மாவ அப்பிடி சொன்னவங்க உண்டு, அதுல வீட்டு ஆளுங்களும் உண்டு, அவங்க அழுதத நான் பாத்திருக்கேன்.

விரலுக்கு வர்ற வலி வேற விதமா அடிக்கும். பீடி சுத்தறவங்களுக்கு ஆயிரத்துக்கு இவ்ளோன்னு கூலி, பூ கட்டறவங்களுக்கு முழத்துக்கு இவ்ளோ. இவங்க லீவே போட மாட்டாங்க, தினமும் உக்காந்து வேலை செய்வாங்க, எண்ணிக்கைதான் குறையும். முன்னாடி எண்ணூறு சுத்தின கை நானூறு சுத்தும், நூலக் கட்டி முடிச்சு போடற அந்த சின்ன இழுப்புதான் வரவே வராது. அப்ப எத்தனை நாள் வேலை போச்சுன்னு கேட்டா ஒரு நாளும் போகலன்னுதான் பதில் வரும். பாதி வருமானம் போயிருக்கும்.

அப்பன்னா இத எப்பிடி கணக்குப் போடறது? இங்க ஒரு கருத்து தெரிஞ்சு வெச்சுக்கோங்க, செய்திகள்ல டாலின்னு வரும். சுருக்கமா சொன்னா, ஒரு நோயால ஆரோக்கியமான வாழ்நாள் எத்தனை வருசம் வீணாச்சுங்கற கணக்கு. சாவ மட்டும் எண்ணினா ஆள சாகடிக்காம முடக்கற நோயெல்லாம் கணக்குலயே வராதுன்னு 1990கள்ல உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் இந்த அளவ கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு முடக்கத்துக்கும் பூஜ்யத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் ஒரு எடை குடுப்பாங்க, பூஜ்யம்னா முழு ஆரோக்கியம், ஒண்ணுன்னா செத்ததுக்கு சமம். கணக்குக்கு வெச்சுக்கோங்க, ஒரு மூட்டு வலிக்கு எடை 0.2, அது ஆறு மாசம் இருந்துச்சுன்னா அரை வருசத்த 0.2ஆல பெருக்கி 0.1 வருசம். ஒரு ஆளுக்கு பாத்தா ஒரு மாசத்துக்கு கொஞ்சம் மேல, ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். லட்சம் பேருக்கு பத்தாயிரம் வருசம்.

நம்ம புதுச்சேரில இருக்கற கொசு ஆராய்ச்சி மையம், மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரோட கிளை, அங்க இருக்கறவங்க 2006 கொள்ளைநோய்க்கு இந்தக் கணக்க போட்டு 2009ல வெளியிட்டாங்க. இந்தியாவுக்கு மொத்தம் 25,588 வருசம் நட்டம்னு வந்துச்சு, அதுல பாதிக்கு மேல கர்நாடகாவுக்கு மட்டும். ஆனா இதுல கவனிக்க வேண்டியது மொத்தம் இல்ல, உள்ள இருக்கற பங்கு. அந்த நட்டத்துல 69 சதவீதம் காய்ச்சலால வரல, காய்ச்சல் முடிஞ்சதுக்கு அப்புறம் விடாம இருந்த மூட்டு வலியால வந்துச்சு. அதாவது ஆஸ்பத்திரி வரிசை, மருந்து தெளிக்கறது, செய்தி, நிலவேம்பு கசாயம் குடுக்கறது எல்லாம் எந்த ஒரு வாரத்த சுத்தி நடந்துச்சோ அதுல நட்டத்தோட சின்னப் பங்குதான் இருக்கு, பெரிய பங்கு எல்லாரும் மறந்ததுக்கு அப்புறம் வீட்டுக்குள்ள நடந்திருக்கு. வருமான இழப்பு குறைஞ்சபட்சம் 39 கோடி ரூபாய்னும் அதே ஆய்வு சொல்லுது. குறைஞ்சபட்சம்ங்கற வார்த்தைய அவங்களே போட்டிருக்காங்க, நானும் அத அழுத்திச் சொல்றேன், ஏன்னா அம்மாவுக்கு முடியலன்னு பள்ளிக்கூடத்துல இருந்து நின்ன பொண்ணு, வாரவட்டிக்கு வாங்கின கடன், வித்த ஆடு இதுக்கெல்லாம் வருமான இழப்புங்கற தலைப்புல இடம் கிடையாது.

சட்டப்படி என்ன பாதுகாப்பு இருக்குன்னா, சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு சம்பளத்துல பணம் பிடிக்கற இடத்துல வேலை பாக்கறவங்களுக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு, இஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா சராசரி தினக்கூலில 70 சதவீதம், ஒரு வருசத்துக்கு அதிகபட்சம் 91 நாள். நல்ல திட்டம்தான், தெரியாமயே விட்டுடறவங்க நெறைய, அதனால உங்க கார்டு எங்கன்னு இன்னிக்கே தேடி வெச்சுக்கோங்க. ஆனா 91 நாள்னா மூணு மாசம். சிக்குன்குனியாவுல நாள்பட்ட கட்டம்னு டாக்டருங்க சொல்றது மூணு மாசத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. காசு நிக்கற நாளும் நோய் நாள்பட்டதுன்னு பேரு வாங்கற நாளும் ஒண்ணா வருது. அதுவும் கார்டு இருக்கறவங்களுக்கு. இட்லிக்கடைக்கும் பூக்கட்டறவங்களுக்கும் சித்தாளுக்கும் அந்த 91 நாளும் இல்ல.

இன்னொரு சிக்கல் பிட்னஸ் சர்டிபிகேட். அதுல ரெண்டே பதில்தான், வேலைக்கு தகுதி இருக்கு, இல்ல. ஆனா நிஜத்துல ஆளுங்க நடுவுல இருக்காங்க, காலைல முடியாது மத்தியானம் முடியும், தூக்க முடியாது உக்காந்து செய்ய முடியும், நாலு மணி நேரம் முடியும் எட்டு மணி நேரம் முடியாது. அரை நாள் வேலை, லேசான வேலைன்னு ரெண்டு மாசத்துக்கு மாத்தி விட்டாலே பாதி பேரு வேலைய விடாம தாக்குப் பிடிச்சுருவாங்கன்னு எனக்கு தோணுது, நான் பாத்த வரைக்கும் வேலை போனவங்க வலியால போகல, ரெண்டு மாசம் விட்டுப் புடிக்க ஆளில்லாமதான் போனாங்க.

இத படிக்கறப்ப கோவிட் ஞாபகம் வந்திருக்கும். ஆமா, அதுவும் இதே குடும்பத்துக் கதைதான், காய்ச்ச வந்து மூணு மாசம் கழிச்சும் விடாம இருக்கற தொல்லைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்ல தனியா ஒரு வரையறையே குடுத்துச்சு, ஜனங்க நீண்ட கோவிட்னு சொல்றாங்க. ஆனா ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க. சிக்குன்குனியாவுல வலி மூட்டுல, அசைக்க அசைக்க இளகும். நீண்ட கோவிட்ல பல பேருக்கு இருக்கறது சோர்வும் மூளை மந்தமும், அதுல இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தியா வேலை செஞ்சா உடனே ஒண்ணும் தெரியாது, மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ ஆள கட்டில்ல போட்டுரும். அங்க போய் "நல்லா நடந்தா சரியாயிடும்"னு சொன்னா கெடுதல்தான் வரும். அவங்க தெம்ப கைல இருக்கற காசு மாதிரி எண்ணி எண்ணி செலவு பண்ணணும்.

வந்துட்டா என்ன செய்யறதுன்னு சிலது சொல்றேன், வைத்தியம் உங்க டாக்டர் சொல்றதுதான். வைரஸ கொல்ல மருந்து கிடையாது. காய்ச்சலோட இருக்கறப்ப பாராசிட்டமால் மட்டும் போதும், டெங்கு இல்லன்னு டெஸ்ட்ல தெரியற வரைக்கும் புரூபன், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு ஆயிரும். ஒரே ஊசில வலி பறந்துரும்னு போடற இடத்துக்கு போகாதீங்க, அது ஸ்டீராய்டா இருந்தா ரெண்டு நாள் பறந்த மாதிரி இருந்துட்டு திரும்ப வலி வந்து நிக்கும், காய்ச்சல் நேரத்துல அத போடவே கூடாதுன்னுதான் வழிகாட்டுதல். ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தா அந்த சீட்ட பத்திரமா வெச்சுக்கோங்க, ஆறு மாசம் கழிச்சு வேற டாக்டர்கிட்ட போனா முதல்ல அததான் கேப்பாரு, லீவு கேக்கறதுக்கும் அதுதான் ஆதாரம். மூணு மாசம் தாண்டியும் வீக்கம் இருந்தா "வயசாயிருச்சு"ன்னு விட்டுடாம மூட்டுவாத டாக்டர பாருங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல அதுக்கு தனிப் பிரிவு உண்டு, இந்த நோய் முடக்குவாதத்த தூண்டி விட்ட மாதிரி இருக்கறவங்களுக்கு அதுக்கான மருந்தே குடுத்து கவனமா பாப்பாங்க.

வேலை பக்கம் சின்ன சின்ன மாத்தம் நெறைய உதவும். படுக்கைல இருந்து இறங்கறதுக்கு முன்னாடியே விரல், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாத்தையும் மெதுவா சுத்தணும், வெந்நீர்ல கைய பத்து நிமிசம் வெக்கணும். கரண்டிக் காம்புல துணிய சுத்தி தடிமனாக்கிட்டா பிடி கம்மியா போதும், இறுக்கிப் பிடிக்கறதுதான் விரல் மூட்டுக்கு ஆகாது. தரைல குத்த வெச்சு செய்யற வேலைய மணை மேலயோ ஸ்டூல் மேலயோ மாத்தணும். குடத்த ரெண்டு சின்னக் குடமாக்கணும். வலிக்கற வரைக்கும் செஞ்சுட்டு படுக்கறத விட, வலி வர்றதுக்கு முன்னாடியே அஞ்சு நிமிசம் நிறுத்தி வேற வேலைக்கு கைய மாத்தறது நல்லது.

எங்க பெரியம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லல, அவங்களே கண்டுபிடிச்சுக்கிட்டாங்க. காலைக் கடைய மூடிட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு பணியாரம் போட ஆரம்பிச்சாங்க, அதுல துணி கிடையாது, பிழிய வேண்டியதில்ல, ஒரு சின்னக் குச்சியால திருப்பி விட்டா போதும், சாயங்காலம் கை நல்லா இளகியும் இருக்கும். காலைல வந்தவங்கள்ல பாதி பேருதான் சாயங்காலம் வந்தாங்க, வருமானமும் அந்த அளவுதான். திரும்ப இட்லி போட்டது 2008 பொங்கலுக்கு அப்புறம். அப்பவும் துணி பிழியறது மட்டும் அண்ணன்தான், காலேஜுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி நாலு ஈடுக்கும் சேத்து பிழிஞ்சு ஒரு எவர்சில்வர் சட்டில மூடி வெச்சுட்டு போவாரு.